இருநூற்று எண்பத்தொன்பதாவது கிலோமீட்டர்

பிரான்ஸில் என் புருஷன் ராச்சோவுக்கு விலாசம் கிடையாது. கிலோமீட்டர்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போன் வரும். "இந்த வாரம் இருநூத்து எழுபத்தொண்ணு" என்பான். அடுத்த ஞாயிறு, "இருநூத்து எழுபத்தஞ்சரை" என்பான். பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிப் புதுசு போடுகிற கேங்கில் வேலை. முன்னால் ஒரு மெஷின் பிடுங்கிக்கொண்டு போகும், பின்னால் ஒரு மெஷின் போட்டுக்கொண்டு வரும், நடுவில் நூறு பேர் ஜல்லியில் நடப்பார்கள். அவர்கள் படுக்கிற பெட்டிகளும் கூடவே நகரும் என்று ராச்சோ சொல்லியிருந்தான். கையில் பட்டன் போன். நல்ல போன் இரண்டை ஜல்லியில் போட்டு நொறுக்கிய பிறகு இனிமேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். அதனால் முகம் பார்க்கவும் வழி இல்லை.

பதினோரு மாதம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. கேட்டால், "இந்தத் துண்டு முடியட்டும்" என்பான். தண்டவாளத்தில் ஒரு துண்டு முடிந்தால் அடுத்த துண்டு அங்கேயே படுத்திருக்கும். கடல் வரும்வரை அது முடியாது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு சொன்னேன்:

"நீ வரலன்னா நான் வர்றேன்."

"எங்கன்னு வருவே? நான் என்ன ஒரே இடத்துலயா இருக்கேன்?"

"நகர்றதைப் பிடிக்கத்தானே டைம் டேபிள்னு ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க?"

சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான்.

நான் எங்கள் ஊர் கோர்னாவில், ரயில் டிப்போவில் பெட்டி கழுவுகிறவள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் அப்பாவும் அம்மாவும் கல் குவாரியில் இருந்தார்கள். அதைப் பார்க்கும்போது தண்ணீரோடு இருக்கிற வேலை எவ்வளவோ மேல். வியன்னாவிலிருந்து வந்த பெட்டியும் இஸ்தான்புல்லுக்குப் போகிற பெட்டியும் என் கை பட்டுத்தான் வெளியே போயிருக்கின்றன. நான் மட்டும் எங்கள் தலைநகர் சோபியாவைத் தாண்டியதில்லை.

டிப்போ அதிகாரி ஜூன் கடைசியில் பத்து நாள் லீவு கொடுத்தார். அதை விட்டால் கோடை வண்டிகள் ஆரம்பித்துவிடும். அப்புறம் அக்டோபர்வரை யாருக்கும் லீவு கிடையாது.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு வண்டிகளில் ஓசிப் பயணம் உண்டு. நாட்டுக்கு ஒரு தாள் தருவார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பொம்பளை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"கழுவுற பகுதியிலேர்ந்து இதை யாரும் கேட்டதே இல்லையே?"

"கழுவுறவங்களுக்குக் கிடையாதுன்னு எழுதியிருக்கா?"

புத்தகத்தைப் புரட்டினாள். "அப்படி இல்ல."

"அப்ப எழுதிக் குடுங்க."

பிரான்ஸ் தாளில் நான்கு கட்டம் இருந்தது. ஒரு கட்டம் ஒரு நாள். வண்டி ஏறுவதற்கு முன்னால் நாமே பேனாவில் தேதி எழுத வேண்டும். அடித்துத் திருத்தினால் அந்தக் கட்டம் செத்தது. போக ஒன்று, வர ஒன்று என்றால் நடுவில் அவனைத் தேட இரண்டே இரண்டு கட்டம். தப்பான இடத்தில் இறங்கினால் ஜன்னல் வழியாகப் பிரான்ஸைப் பார்த்துவிட்டு, புருஷனைப் பார்க்காமல் திரும்பி வர வேண்டியதுதான்.

தாளை எடுத்துக்கொண்டு விஹ்ராவிடம் போனேன்.

விஹ்ரா ஸ்டேஷனின் மேல்மாடியில், டைம் டேபிள் போடுகிற அறையில் இருக்கிறாள். என் வயதுதான். ஒரு ரயில் கார்டைக் கல்யாணம் கட்டிக்கொண்டு, அவன் எந்த வண்டியில் எவளோடு போகிறான் என்பதைத் தன் கையால் போட்ட டைம் டேபிளை வைத்தே கண்டுபிடித்து, விட்டுவிட்டவள். அவளுடைய வேலை கட்டம் போட்ட பெரிய தாளில் கோடு இழுப்பது. தாளில் மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டிக்குக் கோடு செங்குத்தாக விழும், மெதுவான வண்டிக்குப் படுத்தபடி போகும். இரண்டு கோடு வெட்டுகிற இடத்தில் இரண்டு வண்டிகள் சந்திக்கின்றன. இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. ஆனாலும் விஹ்ரா பென்சிலில் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள்.

"பிரான்ஸா?" என்றாள். "யாரு, நீயா? வாளியும் துடைப்பமுமா?"

"துடைப்பம் அங்கேயும் இருக்கும். நீ வழியைச் சொல்லு."

பாசெல் வரைக்கும் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டாள். ருசே, புக்கரெஸ்ட், புடாபெஸ்ட், வியன்னா, சூரிக். அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிந்த வண்டிகள், எங்களுக்குத் தெரிந்த தாமதங்கள். அதற்கப்புறம்தான் புது உலகம். மே மாதம் முழுக்க, இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு பிரான்ஸின் டைம் டேபிள்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் அந்த நாட்டின் ரயில் படமே எனக்குப் புரியவில்லை. சைக்கிள் சக்கரம் மாதிரி இருந்தது. எல்லாக் கம்பியும் பாரிஸில் போய்ச் சொருகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊருக்குப் போகவும் பாரிஸுக்குப் போய்த் திரும்பச் சொல்கிறது கம்ப்யூட்டர்.

"நல்லதுதானே" என்றாள் விஹ்ரா. "முதல் தடவை போறே. பாரிஸைப் பாக்காம வந்தா ஊர் சிரிக்கும்டி."

"பாரிஸ்ல என் புருஷன் இல்ல."

"இல்லாததனாலதான் நல்லாயிருக்கும்னு சொல்றேன்."

பாரிஸ் வழி போனால் அதிவேக வண்டி. அதில் ஓசித் தாளுக்குச் சில இடங்கள்தான், முன்பதிவும் செய்ய வேண்டும். ஒரு வண்டி தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். அதனால் விஹ்ரா சக்கரத்தின் கம்பிகளை விட்டுவிட்டுக் குறுக்கே போகிற சின்ன வண்டிகளைத் தேடினாள். பாசெலிலிருந்து முலூஸ், பெல்போர், திஜோன், நெவேர். முன்பதிவு வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும். ஒரே நாளில் முடிகிறது. ஒரே கட்டம்.

வண்டி மாறுவதற்கு அவள் கொடுத்த நேரத்தைப் பார்த்துத்தான் அவள் பென்சிலைப் பிடித்து நிறுத்தினேன். பெல்போரில் பதினாறு நிமிஷம்.

"பதினாறு நிமிஷமா? ரெண்டு மணி நேரம் விடு."

"அவங்க வண்டி நேரத்துக்கு வருமாம்டி."

"டைம் டேபிள் போடுற நீயே இதை நம்புறியா?"

"நம்பாம என்ன பண்றது? நீ கேக்கிற மாதிரி எல்லா இடத்துலயும் ரெண்டு மணி நேரம் விட்டா, நீ போய்ச் சேர்றதுக்குள்ள ராச்சோ பென்ஷன் வாங்கிடுவான்."

கடைசியில் ஐம்பது நிமிஷத்துக்கு இறங்கி வந்தோம்.

நெவேருக்குக் கீழே போகிற பாதையில்தான் ராச்சோ இருந்தான். ஆனால் எங்கே? ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சொன்ன எண்களை நான் நாள்காட்டியில் எழுதி வைத்திருந்தேன். விஹ்ரா இன்னொரு தாளை எடுத்தாள். மேலிருந்து கீழே கிலோமீட்டர், இடமிருந்து வலமாக நாள். மே ஐந்தாம் தேதி இருநூற்று எழுபத்தொன்று. பன்னிரண்டாம் தேதி எழுபத்தைந்தரை. பத்தொன்பதாம் தேதி எண்பது. இருபத்தாறில் எண்பத்து நாலரை. ஜூன் இரண்டில் இருநூற்று எண்பத்தொன்பது. ஐந்து புள்ளி வைத்து அளவுகோலை வைத்தாள். ஐந்தும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. சிவப்புப் பென்சிலால் இழுத்து, அப்படியே என் லீவு நாள்வரை நீட்டினாள்.

"ஜூன் இருபத்தஞ்சாம் தேதி செவ்வாய்க்கிழமை. முந்நூத்து மூணாவது கிலோமீட்டர். உன் புருஷன் அங்க நிப்பான். பக்கத்து ஸ்டேஷன்ல இறங்கி நடந்து போ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனையோ நாடு தாண்டி ஜல்லியில் நடந்துகொண்டிருக்கிற ஒருத்தனை இங்கே ஒரு பென்சிலால் பிடித்துவிட்டோம். அன்று பூராவும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாங்கள் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தபோது மின்யோ வந்தான். கோர்னா கேங்கின் மேஸ்திரி. ராச்சோ பிரான்ஸுக்குப் போவதற்கு முன்னால் இவனிடம்தான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தான். பாதையை அடைத்து வேலை செய்ய அனுமதி எழுத்து வாங்க வந்தவன், தாளை எட்டிப் பார்த்தான்.

"இது எந்த வண்டி? ஆமை வண்டியா?" என்று கத்தினான். மின்யோ எதையும் மெதுவாகச் சொல்ல மாட்டான்.

"அது ராச்சோ" என்றாள் விஹ்ரா.

"ராச்சோவா?" குனிந்து பார்த்தான். விரலால் கோட்டின் மேல் நடந்தான். அப்புறம் சிரித்தான்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"நெடெல்கா, தண்டவாளக்காரன் பொண்டாட்டியா நீ? இவ்வளவு நேரா எந்தக் கேங்காவது போகுமா? ஒரு வாரம் மெஷின் பல்லு ஒடையும். ஒரு வாரம் ஜல்லி வண்டி வராது. ஒரு நாள் மழை கொட்டும். ஒருத்தன் காலை ஒடச்சுப்பான், அன்னிக்கு எல்லாரும் நிப்பாங்க. நான் போட்ட வேலையை இவ இழுத்தா, கோழி கிளறின மாதிரி இருக்கும். இது ஆபீஸ்ல உக்காந்தவன் போட்ட கோடு."

"பிரான்ஸ்காரன் மெஷின் அண்ணே. நம்ம மெஷின் மாதிரியா?" என்றாள் விஹ்ரா.

"மெஷின் பிரான்ஸ்காரன். மழையும் பிரான்ஸ்காரனா?"

எழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோபம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அவன் சொன்னது எனக்கே தெரிந்த விஷயம். இருபத்தாறு வருஷம் ராச்சோ வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது நான் கேட்டிருக்கிறேன். "இன்னிக்கு நூறு மீட்டர்கூட நகரல" என்பான். "இன்னிக்குப் பறந்தோம்" என்பான். ஒரு நாளும் இன்னொரு நாள் மாதிரி இருந்ததில்லை.

"அந்த வாரங்கள்ல லீவு எதுவும் வந்துதா, பாரு" என்றேன்.

விஹ்ரா டைம் டேபிளின் அடியில் இருந்த பொடி எழுத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாதிரி வண்டி ஓடும் விடுமுறை நாட்கள் அங்கே வரிசையாக இருந்தன. மே ஒன்று. மே எட்டு. மே முப்பது வியாழன். நாங்கள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த தாள்தான். என் பயண நாள் ஜூனில் என்பதால் இந்த வரிகளைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தோம்.

"மே எட்டு, நாடே மூடியிருக்கு" என்றாள் விஹ்ரா. "உன் ஆளு அந்த வாரமும் நாலரை கிலோமீட்டர் போயிருக்கான். முப்பதாம் தேதி வாரமும் நாலரை."

விதை கொறிப்பதை இரண்டு பேருமே நிறுத்தியிருந்தோம்.

"என் ஆளு மாதிரி இருக்காதுடி" என்றாள், கொஞ்சம் மெதுவாக. "ராச்சோவுக்கு அதுக்கெல்லாம் சாமர்த்தியம் பத்தாது."

"அது எனக்குத் தெரியும். அப்ப வேற என்ன?"

அதுதான் என்னைத் தின்றது. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தன் வாராவாரம் கிலோமீட்டரில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? செத்துப் போகவில்லை, பேசுகிறான். ஜெயிலில் இருந்தால் ஞாயிறு தவறாமல் போன் வராது. இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனதில் அந்த வாரத்தில் இரண்டு தடவை கழுவின பெட்டியையே திரும்பக் கழுவினேன்.

ஞாயிறு மதியம் ஒரு மணி இரண்டு நிமிஷத்துக்குப் போன் வந்தது.

"எப்படியிருக்கே?" என்று கத்தினான். அவன் எப்போதும் கத்துவான். பக்கத்தில் இரைச்சல் என்று நினைத்துக்கொள்வேன்.

"இருக்கேன். இந்த வாரம் எங்க?"

"இருநூத்துத் தொண்ணூத்து மூணரை."

"ராச்சோ, மே எட்டாம் தேதி வேலை பாத்தியா?"

"பாத்தோமே."

"அன்னிக்கு லீவு. வண்டியே பாதிதான் ஓடியிருக்கு."

 அப்போது அவன் பக்கத்தில் ஒரு வண்டி வந்தது. "இரு, இரு, கேக்கல" என்றான். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான், பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை "இரு" என்பான். பிரேக் பிடித்தது. கதவு மூடுகிற சீட்டிச் சத்தம் கேட்டது. வண்டி போனது.

"போச்சா?" என்றேன். "இப்ப சொல்லு. நீ எந்தக் கிலோமீட்டர்லயும் இல்ல. எங்க இருக்கே?"



"பிப்ரவரியில டாக்டர் பரிசோதனை வச்சாங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது. "வலது காது போயிடுச்சு. இடது பாதி. ஹாரன் சத்தம் கேக்காதவனைத் தண்டவாளத்துல விட மாட்டாங்க. அது சட்டம், அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

"அப்புறம்?"

"சமையல் பெட்டியில போட்டிருக்காங்க. உருளைக்கிழங்கு உரிக்கிறேன். பாத்திரம் கழுவுறேன். பெட்டி நகரவே இல்ல. ஒரு ஸ்டேஷன்ல, வண்டி ஓடாத பக்கத்துத் தண்டவாளத்துல நிறுத்தி வச்சிருக்கு. ஆளுங்களை பஸ்ல கூட்டிட்டுப் போய்ட்டு வர்றாங்க."

"அந்த நம்பரெல்லாம்?"

"வாராவாரம் எவ்வளவு முடிக்கணும்னு சாப்பாட்டு மேஜைக்கு மேல எழுதி ஒட்டியிருக்காங்க. அதைப் பாத்துச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மின்யோ சொன்னது அப்படியே சரி. ஆபீஸில் உட்கார்ந்தவன் போட்ட கோடு.

"சிரிக்கிறியா?" என்றான்.

"நானும்தான் பத்தொன்பது வருஷமா கழுவுறேன். எனக்கு அவமானமா இல்லையே?"

"உனக்கு அதுதான் வேலை. நான் தண்டவாளம் போடுறவன். மின்யோகிட்டச் சொல்லாதே."

"மின்யோவுக்கு நான் சொன்னாலும் கேக்காது. அவனும் உன்னை மாதிரிதான் கத்துறான். எந்த ஸ்டேஷன், அதைச் சொல்லு. டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு."

"வராதே."

"எந்த ஸ்டேஷன்?"

"வேண்டாம் நெடெல்கா. ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கிறேன். அப்படி என்னை வந்து பாக்காதே. நானே வர்றேன், இந்த..."

"துண்டு முடியட்டும்னா? எந்தத் துண்டு? உருளைக்கிழங்கா?"

இரண்டாவது வண்டி வந்து பிரேக் பிடித்தது. "கேக்கல" என்றான். அது உண்மையா, சாக்கா, தெரியவில்லை. போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஈரக் கையோடு மேல்மாடிக்கு ஏறினேன். விஷயத்தைச் சொன்னேன். விஹ்ரா கேட்டுவிட்டு, "அப்பாடா" என்றாள்.

"என்ன அப்பாடா? எங்க இருக்கான்னு தெரியாதே. நெவேருக்குக் கீழே எத்தனை ஸ்டேஷன்? என்கிட்ட இருக்கிறது ரெண்டு கட்டம்."

"நகர்ற ஆளைவிட நிக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறது ஈசிடி. என்ன தெரியும் உனக்கு? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டு வண்டிகள்தான்.

"ஞாயித்துக்கிழமை அவன் பேசும்போது ரெண்டு வண்டி வந்து நிக்குது. எல்லா ஞாயிறும்."

"நிக்குதா, போகுதா?"

"நிக்குது. நிக்கிற வண்டிக்கும் போற வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் டிப்போவில இருக்கேன்? பிரேக் பிடிச்சு, கதவு மூடிப் போகுது."

"மணி?"

போனை எடுத்துப் பார்த்தோம். அவன் அழைத்தது ஒன்று இரண்டுக்கு. பேச்சு பன்னிரண்டு நிமிஷம். இரண்டாவது வண்டி பிரேக் பிடிக்கும்போது வைத்தான். ஆகவே அது ஒன்று பதினாலு. முதல் வண்டி பேச ஆரம்பித்து ஐந்தாறு நிமிஷத்தில் வந்தது. அங்கே ஒரு மணி நேரம் பின்னால். பன்னிரண்டு ஏழெட்டு, பன்னிரண்டு பதினாலு.

விஹ்ரா புதுத் தாளை ஆணியில் மாட்டினாள். நெவேரிலிருந்து மூலான் வரை, அதற்கும் கீழே இருந்த ஸ்டேஷன்களையெல்லாம் ஓரத்தில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை டைம் டேபிளைத் திறந்தாள். பெரிய வண்டிகளைத் தொடவில்லை. அவை சின்ன ஸ்டேஷனில் நிற்காது. நின்று போகிற வண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்தாள். ஞாயிறு என்பதால் அவையும் குறைவு. மேலிருந்து கீழே ஒன்று வந்தது. கீழிருந்து மேலே ஒன்று ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டின.

வெட்டின இடத்தில் அவள் விரலை வைத்தாள். அப்படியே இடது பக்கம் நகர்த்தி ஓரத்தில் இருந்த பேருக்கு வந்தாள்.

"சான் லெஜே."

"வேற எங்கேயும் ஒத்து வராதா?"

"மேல் ஸ்டேஷன்ல ரெண்டுக்கும் இருபத்தஞ்சு நிமிஷம் வித்தியாசம். கீழ் ஸ்டேஷன்லயும் அப்படித்தான். ஏழு நிமிஷத்துக்குள்ள ரெண்டு வண்டியும் வந்து நிக்கிறது இங்க மட்டும்தான்." பென்சிலைக் காதில் செருகினாள். "என் புருஷனைப் பிடிச்சப்பகூட இவ்வளவு சுத்தமா வரல."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் போனை எடுக்கவில்லை. சொல்லாமல் போய் எதிரே நிற்கலாம் என்றாள் விஹ்ரா. எனக்கு மனசு வரவில்லை. அவன் ஏப்ரனோடு என்னைப் பார்த்துத் திகைத்து நிற்க, நான் என் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? பெட்டிக்குள் ஆள் இருக்கும்போது தட்டாமல் கதவைத் திறக்கிற வழக்கம் எனக்கு இல்லை. வேண்டாம் என்று அவன் நிஜமாகவே சொன்னால், லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை எடுத்தான்.

"சான் லெஜே" என்றேன், நன்றாகக் கத்தி.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. உன் பின்னால நிக்கிற ரெண்டு வண்டிதான் சொல்லுச்சு. விஹ்ரா கோடு போட்டுப் பாத்தா."

"அந்தப் பேய் இன்னும் ஊர்ல எத்தனை புருஷனைக் கண்டுபிடிக்கப் போறா?"

"ராச்சோ, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் வந்து இறங்கலாம். நீ வேண்டாம்னா வரல. ஆனா இனிமே கிலோமீட்டர் சொல்லாதே. இன்னிக்கு என்ன சமைச்சேன்னு சொல்லு."

 யாரோ ஒருவன் அந்தப் பக்கம் தெரியாத மொழியில் எதையோ கேட்டான். ராச்சோ அவனுக்கு அதே மொழியில் இரண்டு வார்த்தை பதில் சொன்னான். அவன் அந்த மொழி பேசி நான் கேட்டதே இல்லை.

"பீன்ஸ் சூப்" என்றான் கடைசியில். "உரிக்கிறது மட்டும்தான் என் வேலை. போன மாசம் சமையல்காரனுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. நான் நம்ம ஊர் மாதிரி பீன்ஸ் சூப் வச்சேன். போர்ச்சுகல்காரனுங்க மூணு தடவை வாங்கிக் குடிச்சானுங்க. இப்ப வியாழக்கிழமை என்னைத்தான் வைக்கச் சொல்றாங்க."

"நீ வச்சியா? இருபத்தேழு வருஷத்துல எனக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுத்திருக்கியா?"

"கேட்டியா?"

"கேக்கணுமா?"

"ஆனா ருசி சரியா வர்றதில்ல" என்றான். குரலில் பழைய ராச்சோ, மெஷினைப் பற்றிப் புகார் சொல்கிற ராச்சோ. "சுப்ரித்சா இலை கிடைக்கல. இங்க என்னென்னவோ காஞ்ச இலை விக்கிறான், அந்த வாசனை எதுலயும் இல்ல. அது இல்லாம பீன்ஸ் சூப்பு கழனித்தண்ணிதான்." நிறுத்தினான். "வந்தா வெறுங்கையோட வராதே."

"எவ்வளவு வேணும்?"

"மூணு கிலோ."

"மூணு கிலோவா? காஞ்ச இலை மூணு கிலோன்னா ஒரு மூட்டைடா!"

"நூறு பேரு சாப்பிடுறான்."

"நான் உனக்குப் பொண்டாட்டியா, சரக்கு வண்டியா?"

சிரித்தான். தன் சத்தம் தனக்கே கேட்காதவன் சிரிக்கிற சிரிப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"நெவேர்ல ஏறும்போது முன்னால இருக்கிற பெட்டியில ஏறு" என்று கத்தினான். "கடைசிப் பெட்டியில ஏறாதே. இங்க பிளாட்பாரம் குட்டை, கடைசிப் பெட்டி ஜல்லியிலதான் நிக்கும். கதவைத் திறந்துட்டு மூட்டையோட விழுந்து வைக்காதே. நான் முன்னாலதான் நிப்பேன்."

இதை நான் உடனே தாளில் எழுதிக்கொண்டேன். இந்த விஷயம் விஹ்ராவின் எந்த டைம் டேபிளிலும் இல்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். மசாலா விற்கிற தோங்காவிடம் சுப்ரித்சா மூன்று கிலோ கேட்டேன். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"மூணு கிலோவா? என்ன நெடெல்கா, கடை வைக்கப் போறியா?"

"இல்ல. பிரான்ஸுக்குப் போறேன்."

"அங்க எல்லாம் கிடைக்குமே!"

"எல்லாம் கிடைக்காதாம்" என்று சொல்லி, மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.